தொப்பியைக் கண்டால் இறங்கும் சைக்கிள்

ஹெல்மெட்டைக் கழற்றினால் அறுபது வருடம் பின்னால் போய்விடலாம் என்று அந்தப் பெண் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. எப்படி என்றுதான் கேட்டேன்.

அவள் என் மகனோடு வேலை செய்கிறவரின் மகள். ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் வீடு. படம் எடுப்பதற்கென்றே படித்தவள். லாபிஸில் நானும் என் தம்பியும் இருக்கும் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொன்னாள். தோட்டத்தில் இருந்தவர்கள் சில பேர் நடிக்க வேண்டும், வருவீர்களா என்று கேட்கத்தான் வந்தது. நான் கதையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜொகூரிலிருந்து விடியுமுன் மோட்டாரில் கிளம்பி, பாலம் தாண்டி, சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகிற தமிழ்ப் பெண் ஒருத்தி. பாலத்துக்குக் கிட்டத்தில் ஓர் அறை வாடகைக்குத் தேடுகிறாள். போனில் எல்லாம் சரி என்பார்கள். அவள் பெயரைச் சொன்னதும், இந்தியருக்குக் கொடுப்பதில்லை என்பார்கள். ஒவ்வொரு முறையும் இவள், "பரவால்ல, தேங்க் யூ" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். ஒருநாள் பாலத்து நெரிசலில் மூச்சு முட்டி ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள். பார்த்தால் பாலம் இல்லை, கடல் இல்லை. சுற்றிலும் ரப்பர் மரம். அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்துத் தோட்டம்.

"ஏன் ஹெல்மெட்டு? கதவு, கிணறு ஒண்ணும் கிடைக்கலியா?" என்றேன்.

"ஹெல்மெட் போட்டிருக்கிற வரைக்கும் நாம என்ன ஆளுன்னு யாருக்கும் தெரியாது பாட்டி. கழட்டினாதானே மூஞ்சி தெரியும்."

"அது சரி. ஆனா பாட்டின்னு கூப்பிடாத. ஆண்ட்டின்னு கூப்பிடு."

"ஓகே ஆண்ட்டி."

"போனவ திரும்பி வருவாளா?"

"வருவா."

"வந்தா ரூம் கிடைக்குமா?"

"கிடைக்காது ஆண்ட்டி. ஆனா இந்தத் தடவ தேங்க் யூ சொல்லி வைக்க மாட்டா. ஏன் கொடுக்க மாட்டீங்கன்னு கேப்பா."

அதைக் கேட்க அவ்வளவு தூரம் போய்வர வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, அவளுக்கே இப்படி யாராவது போனில் சொல்லியிருப்பார்கள் போலிருந்தது. அதனால் அதைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன். பழைய காலத்துக்குப் போய் அந்தத் தொழிற்சாலைப் பெண் என்னதான் செய்வாள்?

"கொள்ளுத்தாத்தா சைக்கிள்ல வருவாரு. எதிர்ல துரை நிப்பாரு. எறங்காதீங்க தாத்தான்னு இவ சொல்லுவா. தாத்தா எறங்காம போயிடுவாரு. அதுதான் படத்துக்கே உயிர்."

அதுவரை வாசற்படியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்த என் தம்பி, கத்தரியைக் கீழே வைத்தான்.

இறங்குவது என்றால் என்ன என்று இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது. நாங்கள் பிறந்த தோட்டத்தில் வெள்ளைக்கார மேனேஜரைத் துரை என்போம். துரை எதிரே வந்தால், சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். வண்டியை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டு கட்டியிருந்தால் அதை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தாண்டிப் போகிற வரையில் நிற்க வேண்டும். துரை நம்மைப் பார்ப்பாரா என்றால் பெரும்பாலும் பார்க்கமாட்டார். பார்க்காவிட்டாலும் நிற்க வேண்டும். சட்டம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எல்லாரும் நின்றார்கள்.

எங்கள் அப்பா ஒரு தடவை காய்ச்சலோடு வந்து, கண் மங்கி, துரையைக் கவனிக்காமல் தாண்டிவிட்டார். மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், அதுதான் விடியலில் எல்லாரையும் நிற்கவைத்து வேலை பிரித்துக் கொடுக்கிற இடம், அப்பாவின் பெயரைக் கூப்பிடவே இல்லை. எல்லாரும் ரப்பர் காட்டுக்குப் போன பிறகும் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். நானும் தம்பியும் எங்கள் லயத்து வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அப்பா தம்பிக்குச் சைக்கிள் பழக்கினார். ஏறுவதற்கு முன்னால் இறங்கத்தான் பழக்கினார். குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை விட்டு ஓட்டுகிற வயது அவனுக்கு. அப்பா தூரத்தில் தலையில் துரையின் தொப்பி மாதிரி ஒரு வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பார். வாளி கண்ணில் பட்டதும் தம்பி இறங்க வேண்டும். சரியாக இறங்கினால் அப்பாவுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அது விளையாட்டு.

அந்தப் பெண் போன பிறகு தம்பி என்னிடம் வந்தான்.

"அக்கா, அந்த தாத்தா வேஷம் எனக்குக் குடுப்பாங்களா?"

"உனக்கு நடிக்கத் தெரியுமா?"

"சைக்கிள் ஓட்டத் தெரியும்ல."

"அது போதுமா?"

"ஒரு தடவ அக்கா. ஒரே ஒரு தடவ எறங்காம போயிடணும். அவ்வளவுதான்."

என் தம்பி எதற்கும் ஆசைப்படுகிறவன் இல்லை. கட்டிக்கொடுத்ததைச் சாப்பிடுவான், வாங்கிக்கொடுத்ததைப் போடுவான். அவன் வாய் திறந்து கேட்டது எனக்கே புதிது. அன்றைக்கே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளும் ஆள் கிடைக்காமல்தான் இருந்தாளாம். நடிக்க வந்த ஆட்களுக்கு அந்தக் காலத்து இரும்புச் சைக்கிளை நேராகப் பிடிக்கவே வரவில்லையாம்.

யோங் பெங் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்தில் படம் பிடித்தார்கள். இப்போது அங்கே எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. பாதை ஓரமாக மட்டும் கொஞ்சம் கிழட்டு ரப்பர் மரங்கள் நின்றன. லாபிஸிலிருந்து எங்களை வேனில் ஏற்றிப் போனார்கள். வேனில் எல்லாம் ஒரே வயசுக்காரர்கள், ஒரே மாதிரி தோட்டத்து ஆட்கள். கல்யாணத்துக்குப் போவதுபோல் சத்தம்.

உடுப்பு கொடுக்கிற பெண் என்னிடம் ஒரு சேலையும் ரவிக்கையும் நீட்டினாள். சேலையில் மண் பூசியிருந்தது. ரவிக்கை கையில் பெரிய கிழிசல்.

"இது என்னம்மா?"

"கஷ்டப்பட்ட காலம்ல ஆண்ட்டி. அப்படித்தான் இருக்கணும்."

"கஷ்டப்பட்டோம். தைக்கத் தெரியாம போயிட்டோமா? ஒரு ஊசி குடு."

ஊசி வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, கிழிசலைத் தைத்த பிறகுதான் போட்டுக்கொண்டேன். சேலையை நன்றாக உதறினேன். தம்பிக்கு மீசையில் மை தீட்டி, தலைக்கும் கறுப்பு அடித்து, பத்து இருபது வயது குறைத்துவிட்டிருந்தார்கள். வேன் கண்ணாடியில் அவன் தன்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"போதும்டா, கண்ணாடி தேஞ்சிடும்," என்றேன்.

துரையாக நடிக்க வந்தவர் ஜொகூர் பாருவில் ஏதோ பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வெள்ளைக்காரர். நல்ல மனுஷன். காலையில் பனியனும் சிலிப்பருமாக வந்து எல்லாரிடமும் கைகொடுத்தார். எங்கள் ஆட்கள் அவர் தோளைத் தட்டிப் பேசினார்கள். பிறகு அவர் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, முட்டி வரை காலுறை, கையில் பிரம்பு, தலையில் அந்த வெள்ளைத் தொப்பி. மரத்தடியில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டோம்.

யாரும் எழச் சொல்லவில்லை. நானும்தான் நின்றேன். சேலைத் தலைப்பு தோளைச் சுற்றி வந்துவிட்டது. அதை எந்தக் கை இழுத்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சாப்பாட்டு வரிசையிலும் இதே கூத்து. அவர் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவர் ஒதுங்கினார், அவருக்கு முன்னால் நின்றவரும் ஒதுங்கினார், வரிசையே இரண்டாகப் பிளந்துவிட்டது. சோற்றுச் சட்டி வரைக்கும் அவருக்கு வழி.

"அங்கிள் டுலு, அங்கிள் டுலு," என்று அவர் மலாயில் கெஞ்சினார். நீங்கள் முதலில் என்கிறார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. கடைசியில் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் வரிசை ஒழுங்காக நின்றது. எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. தலையிலிருந்த தொப்பி இறங்கினால் ஆள் மாறிவிடுகிறாரா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவர் ரசத்தைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிள் காட்சி. செம்மண் பாதை லேசாக இறக்கத்தில் வந்து, ஓடைமேல் ஒரு சின்னப் பாலக்கட்டை தாண்டி, வளைந்து போகும். பாலக்கட்டை அருகில் துரை நிற்பார். மரத்துக்குப் பின்னால் அந்தத் தொழிற்சாலைப் பெண்ணாக நடிக்கிறவள் நின்று, "எறங்காதீங்க தாத்தா!" என்று கத்துவாள். தம்பி மிதித்துக்கொண்டே போய்விட வேண்டும். துரை பின்னாலிருந்து திட்டுவார். அவ்வளவுதான்.

தம்பி மேட்டிலிருந்து வந்தான். நிமிர்ந்து, அழகாகத்தான் வந்தான். பாலக்கட்டை அருகில் வந்ததும் வலது கால் தானாக எழும்பிப் பின்னால் சுற்ற, இறங்கிவிட்டான். இறங்கி, துண்டையும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அங்கிள், எறங்கக் கூடாது," என்றாள் படம் எடுக்கிறவள்.

"தெரியும்மா. சாரிம்மா."

மறுபடி வந்தான். மறுபடி இறங்கினான். எத்தனையோ தடவை. துரையைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். முதுகைப் பார்த்தும் இறங்கினான். துரையே வேண்டாம், அவர் இருக்கிறதாக நினைத்துப் பார்த்துக்கொண்டு வாருங்கள், துரையைத் தனியாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். பார்வைக்கு அடையாளம் வேண்டும் என்று ஒரு கம்பை நட்டு, அதன்மேல் தொப்பியை மாட்டினார்கள். தம்பி கம்புக்கும் இறங்கினான்.

"அலமாக்! கம்புக்குக் கூட சலாமா அண்ணே?" என்று எங்களோடு வேனில் வந்த ஒருவர் கத்தினார். இளைய வயதில் தோட்டத்து லோரி ஓட்டினவர், வாய் கொஞ்சம் நீளம். "எங்கிட்ட குடுங்க லா வண்டிய. நான் காட்டுறேன் எப்படிப் போறதுன்னு."

படம் எடுக்கிறவள் வானத்தைப் பார்த்தாள். மழை கட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போய்விட்டால் இன்னொரு நாள் வேனுக்கும் ஆட்களுக்கும் ஏற்பாடு செய்ய அவளால் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் தம்பியிடம் தணிந்த குரலில், "அங்கிள், அவர ஒரு தடவ ட்ரை பண்ணச் சொல்லவா?" என்றாள்.

தம்பி சைக்கிளை அவர் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு என் பக்கம் வந்து நின்றான். மீசை மை வேர்வையில் வழிந்து வாய் ஓரத்தில் நின்றது.

லோரி ஓட்டினவர் வீறாப்பாக ஏறினார். இறக்கத்தில் மணியடித்துக்கொண்டே வந்தார். கம்பை நெருங்கியதும் அவர் காலும் சுற்றியது. இறங்கி நின்று, கம்பைப் பார்த்து, எங்களைப் பார்த்து, "ஆ... செயின் ஒரு மாதிரியா இருக்கு," என்றார். அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். துரையாக நடித்தவருக்கு யாரோ விளக்கிச் சொல்ல, அவர் சிரிக்கவில்லை.

தம்பியும் சிரிக்கவில்லை. "என் கால் எங்கிட்ட கேக்கலக்கா," என்றான். "அது பாட்டுக்கு எறங்குது."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சைக்கிளில் இறங்குவதற்குக் கால் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். பின்பக்கக் கேரியரில் ஆள் உட்கார்ந்திருந்தால் கால் எங்கே சுற்றும்? அந்தக் காலத்தில் பின்னால் உட்கார்ந்தவள் முதலில் குதிப்பாள், பிறகுதான் ஓட்டுகிறவன் இறங்குவான். நான் குதிக்காவிட்டால்?

"நான் பின்னால ஒக்காந்துக்கிறேன்," என்றேன்.

"ஐயோ ஆண்ட்டி, விழுந்தீங்கன்னா உங்க மகன் என்னைக் கொன்னுடுவாரு," என்றாள் படம் எடுக்கிறவள்.

"அவனுக்கு நான் சொல்லிக்கிறேன். கதையில அந்தத் தாத்தாவுக்கு ஒரு அக்கா இருந்தா கெட்டா போயிடும்?"

அவள் கொஞ்ச நேரம் விரலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பாதையில் கல் இருந்த இடங்களையெல்லாம் பெருக்கச் சொன்னாள். பாலக்கட்டை ஓரமாக இரண்டு பேரை, விழுந்தால் பிடிக்க, படத்தில் தெரியாதபடி குந்தவைத்தாள். பிறகு, "துரையே வந்து நிக்கட்டும், கம்பு வேண்டாம்," என்றாள்.

மேட்டில் போய் நான் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டேன். நான் கனமில்லை, எலும்புதான். ஆனாலும் சைக்கிள் முனகியது. தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். என்ன நடக்கும் என்று பார்க்கிற ஆசைதான் பெரிதாக இருந்தது. ஏனென்றால் எனக்கும் கால் உண்டு. அதுவும் தோட்டத்துக் கால்தான். அது என்னிடம் கேட்குமா, கேட்காதா?

சைக்கிள் இறக்கத்தில் வேகம் பிடித்தது. தம்பியின் முதுகை மீறி எட்டிப் பார்த்தேன். தொப்பி தெரிந்தது. தெரிந்ததும் என் பாதம் இரண்டும் தரையைத் தேடி நீண்டது. நான் சொல்லவில்லை, அதுவே நீண்டது. மண் உரசுகிற அளவுக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் மேலே இழுத்து, சேலைக்குள் மடக்கிக்கொண்டேன்.

மரத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கத்தினாள். தம்பிக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அக்கா, எறங்கு. எறங்குக்கா," என்றான் மெதுவாக. குரல் சின்னப் பையன் குரல்.

"மாட்டேன்."

"எறங்குக்கா, வந்துட்டாரு!"

"நீ எறங்கினா நான் விழுவேன். மிதிடா!"

அவன் வலது கால் ஒரு தடவை எழும்பியது. என் முட்டியில் இடித்தது. போக இடமில்லாமல் மறுபடி பெடலுக்கே வந்தது. வந்ததும் மிதித்தது. நாங்கள் துரைக்கு ஒரு முழம் பக்கத்தில் போனோம். அவர் கண் நீல நிறம் என்று அப்போதுதான் பார்த்தேன். எங்கள் பழைய துரைக்குக் கண் என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் யாருக்குமே தெரிந்திருக்காது. நாங்கள் எல்லாரும் தரையைத்தான் பார்த்தோம்.

பின்னாலிருந்து அவர் திட்டுவது கேட்டது. கட் என்று கத்துவதும் கேட்டது. கைதட்டல் கேட்டது. தம்பி நிறுத்தவில்லை. வளைவு தாண்டினான், ரப்பர் மரங்களைத் தாண்டினான், செம்பனைக்குள் போய், தார் ரோடு தெரிகிற இடம் வரைக்கும் மிதித்தான். அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு காலை ஊன்றி நின்றான். சீட்டிலிருந்து இறங்கவில்லை.

நான்தான் இறங்கினேன். ஒரு கால் மரத்துப்போயிருந்தது.

"அவரு ஏதாச்சும் சொன்னாராக்கா?" என்றான்.

"திட்டினாரு. திட்டச் சொல்லித்தானே கூட்டி வந்திருக்காங்க."

"என்னான்னு?"

"இங்லீசுல. எனக்கென்ன தெரியும்?"

அவன் சிரித்தான். மை முகம் முழுதும் ஆகியிருந்தது. "இதுக்கப்புறம் கதையில என்ன?" என்று கேட்டான். எனக்கும் அதேதான் யோசனை. எங்கள் அப்பா வேண்டுமென்றே இப்படித் தாண்டிப் போயிருந்தால் மறுநாள் என்ன ஆகியிருக்கும்? தோட்டத்தை விட்டு விரட்டியிருப்பார்களா? விரட்டியிருந்தால் நாங்கள் எங்கே வளர்ந்திருப்போம்? தார் ரோட்டில் லோரிகள் போய்க்கொண்டிருந்தன.

அந்தப் படத்தை அப்புறம் ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். நாங்கள் வருவது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. ஆனால் "எறங்குக்கா", "மாட்டேன்" இரண்டும் அப்படியே இருக்கின்றன. யாரும் எழுதிக் கொடுக்காத பேச்சு. அந்த இடத்தில் மண்டபத்தில் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

படத்தில் இல்லாதது ஒன்று உண்டு. நாங்கள் திரும்பி வந்தது.

"கால் மரத்துப்போச்சு, நடந்தே போலாம்," என்றேன்.

"இல்லக்கா. ஏறு."

ஏறினேன். மேடு என்பதால் சைக்கிள் மெதுவாகத்தான் ஏறியது. கேமராவை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் தூறல் விழுந்தது. துரை பாலக்கட்டையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஐஸ் என்கிற ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தூறலுக்காகத் தொப்பியை மட்டும் கழற்றாமல் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பையைத் தூக்கி ஆட்டினார்.

தம்பி இறங்கவில்லை. கால் அசையக்கூட இல்லை. ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுத்து அவருக்கு ஆட்டினான். சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெளிந்தது.

"டேய், கைய வைடா ஹேண்டில்ல! என்னைக் கொல்லப் பாக்கிறியா?" என்று கத்தினேன்.

அவன் கையை வைக்கவில்லை. ஆட்டிக்கொண்டேதான் போனான்.